பூஜ்ஜியக் காற்று

சேணம்பாக்கத்தில் கண்ணாடிகள் கறுக்கத் தொடங்கியது ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமையில். அன்று காலை, ஊர்க் கல்லூரியின் வேதியியல் துறைக்குப் பின்னால், கால் உடைந்த நாற்காலிகளும் முள் ஓடாத தராசுகளும் போட்டுவைத்திருந்த அறையில் ஒரு மூலையைக் கெஞ்சி வாங்கி, அதையே தன் ஆய்வுக்கூடம் என்று பதினொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த அஞ்சுகம், வெள்ளீய உப்பும் செம்பு உப்பும் கரைத்த தண்ணீரைச் சுடச்சுட இருந்த ஒரு கண்ணாடி வில்லையின் மேல் மெல்லிய தூறலாகத் தெளித்து முடித்து, வில்லையை ஆற வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். திரும்பி வந்தபோது வில்லையில் இருக்க வேண்டிய படலம் வில்லையில் இருந்தது, பக்கத்துக் குடுவையிலும் இருந்தது, ஜன்னல் கண்ணாடியில் பாதிவரை ஏறியும் இருந்தது. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், அதிலும் இருந்தது. சரி என்று நோட்டுப்புத்தகத்தை எடுத்து நேரம் போட்டு எழுதிக்கொண்டாள்.

அவள் எழுதியது இவ்வளவுதான்: செவ்வாய், ஆய்வுக்கூடம். புதன், பேருந்து நிலையம். வியாழன், ஆற்றோரத் தெருக்கள். வெள்ளி, ஊர் முழுக்க.

படலம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தலைமுடியை நீளவாக்கில் ஐந்நூறாகப் பிளந்தால் அதில் ஓர் இழை என்ன கனம் இருக்குமோ அந்தக் கனம்தான். சும்மா இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. ஆனால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்த வாயு அதைத் தொட்டால் முதலில் வைக்கோல் நிறமாகும், பிறகு பழுப்பாகும், ஆளைக் கொல்லும் அளவுக்கு வாயு இருந்தால் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்துவிடும். அந்த வாயுவுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. கொஞ்சமாக இருந்தால் மூக்குக்குத் தெரியும், அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். நாற்றம் நின்றுவிட்டது, தொட்டி சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இறங்குகிறவன் இரண்டாவது மூச்சில் விழுவான், அவனைத் தூக்கப் போகிறவன் அவன் மேலேயே விழுவான். சேணம்பாக்கத்தில் தோல் பதனிடுகிற ஷாப்புகள் அறுபதுக்கு மேல், ஒவ்வொன்றிலும் கழிவுத் தொட்டி ஒன்று. வருஷத்துக்கு நான்கு பேரோ ஐந்து பேரோ இப்படி விழுவது அந்த ஊரில் மழை பெய்வது மாதிரி, சில வருஷம் கூடும், சில வருஷம் குறையும். அந்தத் தொட்டிகளில் இறங்கி இறங்கித்தான் அஞ்சுகத்தின் அண்ணன் மாசிலாமணி அவளைப் படிக்க வைத்தான். அவள் வேறு எதையோ ஆராய்ந்திருக்கலாம், அதற்குத்தான் மதிப்பும் உண்டு, நிதியும் உண்டு என்று ஆசிரியர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவள் இந்த ஒரு வாயுவை விட்டு நகரவில்லை.

ஊர் முதல் வாரம் பயந்துதான் போனது. பிறகு பழகிக்கொண்டது, அந்த ஊருக்குப் பழகிக்கொள்வது என்றால் கைவந்த கலை. தோல் ஷாப்புகளில் பத்து மணிக்குத் தோலை ஊறவைக்கிற டிரம்களைத் திறப்பார்கள், திறந்த கொஞ்ச நேரத்தில் ஊரின் அத்தனை கண்ணாடிகளும் பழுப்பேறிக் கறுக்கும், பதினொன்றரை வாக்கில் மெல்ல வெளுக்கும். பேருந்துகளின் முன் கண்ணாடி கறுத்து ஓட்டுநருக்கு ரோடு தெரியாமல் போனதால் பத்தேகால் வண்டியைப் பதினொன்றே முக்காலுக்கு மாற்றினார்கள். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் நடுரோட்டில் இருக்கும்போது மூக்குக்கண்ணாடி கறுத்துவிட, அவர் நின்ற இடத்திலேயே நிற்பார், சைக்கிள்காரர்கள் அவரைச் சுற்றிப் போவார்கள். டீக்கடை பாய் எவர்சில்வர் டம்ளருக்கு மாறினார். பெண்களின் கைகளில் பச்சையும் சிவப்புமாக இருந்த வளையல்கள் தினம் ஒரு தடவை கறுத்ததால் வளைகாப்புக்கென்று தனியாகக் கறுப்பு வளையல் வாங்குவதை நிறுத்தினார்கள். பெண் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வரச் சொன்னார்கள். பஜார் நகைக்கடை அடுத்த வருஷத்துக்கு அச்சடித்த தினசரி காலண்டரில் ராகுகாலம், எமகண்டம், அதற்குக் கீழே கறுப்பு நேரம் என்று ஒரு வரி சேர்ந்துகொண்டது. கண்ணாடி ஏன் கறுக்கிறது என்று ஊர் ஆயிரம் காரணம் பேசியது. எதைக் கண்டு கறுக்கிறது என்று மட்டும் பேசவில்லை.

பேசாமலே புரிந்துகொண்டவர்கள் தொட்டி இறங்குகிறவர்கள். அஞ்சுகம் சொல்லித்தான் மாசிலாமணி உடைந்த ஜன்னல் கண்ணாடியிலிருந்து ஒரு சில்லை எடுத்து, ஓரத்தைத் தேய்த்து மழுக்கி, கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டான். தொட்டி மூடியைத் திறந்ததும் சில்லை முதலில் இறக்கி நூறு எண்ணுவான், மேலே இழுத்துப் பார்ப்பான். கறுத்திருந்தால் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்துவிடுவான். மேஸ்திரி கத்திப் பார்ப்பார். "நீ எறங்கு மேஸ்திரி, நா மேல நின்னு கயிறு புடிக்கிறேன்" என்பான் மாசிலாமணி. அவனைப் பார்த்து ஆற்றோரத் தெருவில் எல்லாருமே ஆளுக்கொரு சில்லு கட்டிக்கொண்டார்கள். இறங்க ஆள் இல்லாமல் போகவே ஷாப்புக்காரர்கள் வேறு வழியில்லாமல் கழிவை உறிஞ்சுகிற இயந்திர லாரிகளை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள், மாசிலாமணிக்குக் குழாய் பிடிக்கிற வேலை கிடைத்தது. ஆடியிலிருந்து தை வரைக்கும் அந்த ஊரில் ஒருவன்கூடத் தொட்டியில் சாகவில்லை. இதை யாரும் கவனிக்கவில்லை. சாகாதது எந்த ஊரிலும் செய்தியாவதில்லை.

மாசி பிறந்ததும் தோல் ஷாப்பு முதலாளிகள் சங்கத்தின் தலைவர் தணிகாசலம் ஒரு தட்டு நிறையப் பழத்தோடு கல்லூரிக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து தோல் வாங்குகிறவர்கள் பங்குனியில் ஊரைப் பார்க்க வருகிறார்கள் என்றார். பத்து மணிக்கு ஊரே துக்கவீடு மாதிரி கறுத்துக் கிடந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். அஞ்சுகத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்த கல்லூரி முதல்வர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"உங்க கண்டுபிடிப்ப நாங்க குறை சொல்லலைங்க மேடம். ஊருக்கே பெருமை. கொஞ்சம் கூச்ச சுபாவமா இருக்குது, அதத்தான் சொல்றேன். எதைப் பார்த்தாலும் மூஞ்சிய கறுத்துக்குது."

"அது கெட்ட காத்து இருந்தாத்தான் கறுக்கும் சார்."

"கெட்டதுன்னு யாரு முடிவு பண்றது? அதுக்கு நீங்கதான் ஏதோ பூஜ்ஜியம் வெப்பீங்களாமே. முதல்வர் சொன்னாரு."

பூஜ்ஜியம் உண்மைதான். படலத்துக்கு நல்லது கெட்டது தானாகத் தெரியாது. சுட்ட படலம் எந்தக் காற்றில் ஆறுகிறதோ அந்தக் காற்றையே சுத்தம் என்று எடுத்துக்கொள்ளும், அதற்கு மேல் வருவதைத்தான் கெட்டது என்று காட்டும். அஞ்சுகம் பல வருஷம் மனுப்போட்டுச் சென்னையிலிருந்து வரவழைத்த ஒரே ஒரு சிலிண்டர் சுத்தக் காற்றில்தான் அந்த முதல் வில்லையை ஆற வைத்திருந்தாள். அந்த வில்லையை மறுபடி சுட்டு வேறொரு காற்றில் ஆறவிட்டால் பூஜ்ஜியம் நகர்ந்துவிடும், அதிலிருந்து பரவிய ஊர் ஜன்னல்களுக்கும் நகரும். தணிகாசலம் கேட்டது அதைத்தான். சும்மா ஊர்க் காற்றில் வேண்டாம், என்றைக்காவது ஒரு நாள் வாயு கூடக்குறைய ஆகும், மறுபடி கறுக்கும், அதனால் பத்து மணிக்குத் தொட்டி ஓரத்திலேயே வைத்து ஆற்றிவிடுங்கள் என்றார். பழத்தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மேடத்தின் வேலை இத்தனை வருஷமாகத் தற்காலிகமாகவே இருப்பது கேட்டுத் தனக்கு வருத்தமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அவள் முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். ஆனால் அன்றிலிருந்து அவள் தெருவே அவளைக் கேட்க ஆரம்பித்தது. ஷாப்பை மூடிவிடுவார்களாம், உன்னால்தான் மூடப் போகிறார்களாம் என்று தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள். கண்ணாடி கறுத்ததைப் பார்த்துவிட்டுப் பெண்ணை வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போன வரனுக்காக ஒருத்தி அவள் வாசலில் வந்து அழுதாள். போஸ்ட்மாஸ்டர் வந்து, "வயசான காலத்துல பத்து மணிக்குப் பேப்பர் படிக்கணும்மா" என்றார். நாற்றத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு நாளும் ஒரு கதவையும் தட்டாத ஊர், கண்ணாடியை வெளுக்க வைக்கச் சொல்லி அவள் கதவை ஒரு மாதம் தட்டியது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அதோடு அவளுக்கு அந்த நிரந்தர வேலையும் வேண்டியிருந்தது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை, முப்பத்தெட்டு வயதில் வருகைப்பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிய பெயராக இருப்பது அவளுக்கு அலுத்துவிட்டது.

அண்ணனிடம் போய்க் கேட்டாள். அவன் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் மனைவி நவநீதம் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அண்ணா, ஜன்னலு வெளுத்தா வெளுக்கட்டும். உங்க சில்லுங்கதான் முக்கியம். படலத்தை உடைச்சிட்டா ஒவ்வொரு துண்டும் தனி. வில்லையில பூஜ்ஜியத்தை மாத்தினா துண்டுல மாறாது. இத்தினி வருஷமா பார்த்திருக்கேன்."

"எனக்கு இன்னாமா தெரியும் அதெல்லாம்? நீ கறுப்புன்னா கறுப்பு, நீ வெள்ளைன்னா வெள்ளை."

"நீ இன்னா சொல்றே, அதைச் சொல்லு."

"உனுக்கு வேலைய நிரந்தரம் பண்றாங்கன்னா பண்ணிக்க. இத்தினி நாளு படிச்சதுக்கு ஒரு இது வோணாவா?"

நவநீதம் கீரையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "துண்டு மாறாதுன்னு நல்லா தெரியுமா பாப்பா?" என்றாள்.

"சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் அண்ணி விடுவேன்" என்றாள் அஞ்சுகம்.

சொன்னபடி சோதித்தாள். பங்குனி முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, தணிகாசலத்தின் ஷாப்பில், தொட்டி மூடியைத் திறந்து வைத்து, அதன் ஓரத்தில் சின்ன அடுப்பு ஒன்றை வைத்து, மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு அந்த வில்லையைச் சுட்டு அங்கேயே ஆறவிட்டாள். ஆறி முடிந்ததும் கறுத்திருந்த வில்லை தண்ணீர் மாதிரி தெளிந்தது. பக்கத்திலிருந்த ஆபீஸ் ஜன்னலும் தெளிந்தது. தணிகாசலம் கைதட்டினார், வில்லையை இனி சங்கமே பத்திரமாக வைத்திருக்கும் என்று வாங்கிப் பஞ்சில் சுற்றி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாயங்காலம் அஞ்சுகம் ஆற்றோரத் தெருவுக்குப் போய், கல்லூரியிலிருந்து குப்பியில் பிடித்துக்கொண்டு வந்த வாயுவை அண்ணனின் சில்லில் காட்டினாள். சில்லு கரியாகக் கறுத்தது. அவள் நினைத்தது சரிதான். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் சில்லு பழைய மாதிரியே கீது, பயப்படாத" என்றாள். அவனும் சிரித்தான், தெருவுக்கே அதைச் சொன்னான்.

அவளுடைய நோட்டுப்புத்தகம் மட்டும் அப்போது கையில் இல்லை. படலம் ஆய்வுக்கூடத்தில் இருந்து ஆற்றோரத் தெருவுக்குப் போய்ச் சேர இரண்டு நாள் எடுத்துக்கொண்டது என்று அவள் கைப்பட எழுதிய வரி அதில் இருந்தது. ஒரே கூடத்துக்குள் செய்த ஆயிரம் சோதனைகளில் துண்டு துண்டாகவே இருந்ததால், ஊருக்குள் இறங்கிப் போன இந்தப் படலமும் உடைத்தால் துண்டு துண்டுதான் என்று நம்பினாள். அது ஒரே படலம். அவள் சோதித்தது வேறொன்றுமில்லை, சேதி இன்னும் வந்து சேராத ஒரு சில்லை.

புதன்கிழமை பேருந்து நிலையம் தெளிந்தது. பத்தேகால் வண்டி பழையபடி பத்தேகாலுக்குக் கிளம்பியது. வியாழக்கிழமை ஆற்றோரத் தெரு ஜன்னல்கள் தெளிந்தன, யாரோ பட்டாசு வெடித்தார்கள். கண்ணாடி வெளுத்துவிட்ட பிறகு எதற்கு வீண் வாடகை என்று இயந்திர லாரிகளைத் திருப்பி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தணிகாசலத்தின் ஷாப்புத் தொட்டியில் மாசிலாமணி சில்லை இறக்கினான், நூறு எண்ணினான், மேலே இழுத்தான். சில்லு கழுவி வைத்த மாதிரி இருந்தது. மேஸ்திரிக்கே சந்தேகமாக இருந்ததாம், இன்னொரு தடவை விட்டுப் பார் என்றாராம். மாசிலாமணி இன்னொரு தடவையும் விட்டுப் பார்த்தான். "என் தங்கச்சி சோதிச்சுக் குடுத்தது மேஸ்திரி, தப்பாவுமா" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். அவனைத் தூக்கப் போன இரண்டு பேர் இடுப்பிலும் சில்லு இருந்தது, அதுவும் தெளிவாகவே இருந்தது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். அஞ்சுகத்தைக் கூப்பிட்டு, காகித உறையில் போட்டு முத்திரை வைத்திருந்த சில்லை மேசைமேல் வைத்தார்.

"இது உங்க படலம்தானே?"

"ஆமா சார்."

"விஷவாயு இருந்தா கறுக்கும். சரியா?"

"கறுக்கும் சார். ஆனா நான் பூஜ்ஜியத்தை மாத்திட்டேன். தொட்டிக் காத்துலயே ஆறவெச்சேன். இப்ப அதுக்கு அந்தக் காத்துதான் சுத்தம்."

"மேடம், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இது கறுத்திருக்கா, இல்லையா?"

அவள் சில்லைப் பார்த்தாள். அதன் வழியாக மேசையின் மரக்கோடுகள்கூடத் தெரிந்தன. "இல்ல" என்றாள். எழுத்தர் இல்லை என்று எழுதிக்கொண்டார். தொட்டியில் விஷவாயு இருந்ததற்கான அறிகுறி இல்லை என்றும், கருவி நல்ல நிலையில் இருந்ததை அதை உருவாக்கியவரே ஒப்புக்கொண்டார் என்றும், மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் இதயம் நின்றிருக்கலாம் என்றும் அறிக்கை வந்தது. அவள் தன் கையால் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கோப்பின் பின்னால் சேர்த்துக் கட்டினார்கள். வில்லையைத் திருப்பிக் கேட்டுச் சங்கத்துக்குப் போனாள். அது ஊர்ச் சொத்து, தனி ஆளிடம் கொடுக்க விதியில்லை என்றார்கள். அவள் மறுபடி புதிதாகச் செய்த படலங்கள் செய்த இடத்திலேயே கிடந்தன, ஒன்றுகூட எழுந்து போகவில்லை. ஆற்றோரத் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சில்லை நம்பாதீர்கள் என்று சொன்னாள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். நம்பவில்லை என்றால் வேலைக்குப் போக முடியாது என்று ஒருவர் சொன்னார், அவரும் மரியாதையாகத்தான் சொன்னார்.

நிரந்தர நியமன ஆணை வந்தது. அவள் அதைக் கிழித்து முதல்வர் முகத்தில் எறிந்தாள் என்று சொன்னால் கதை கேட்க நன்றாக இருக்கும். அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் போகிற பெண்கள் இரண்டு பேர். அஞ்சுகம் ஆணையை வாங்கிக்கொண்டு, பதிவேட்டில் பேனாவால் எழுதியிருந்த தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் அண்ணன் வீட்டில் நடந்தது. கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து மாசிலாமணியை மட்டும் பிரித்துப் பெரிதாக்கி, பஜாரில் சட்டம் போட்டுக் கண்ணாடி வைத்து யாரோ வாங்கி வந்திருந்தார்கள். மாலை போட்டுக் கிழக்குப் பார்க்க வைத்தபோது மணி பத்து. டிரம்களைத் திறந்துவிட்டார்கள். வாசலில் பந்தலுக்குக் கீழே இருந்தவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், ஒரு குழந்தை இருமி இருமி வாந்தி எடுத்தது. படத்தின் கண்ணாடி ஒரு மாசு மருவில்லாமல் பளபளத்தது. அண்ணனின் மீசை, சட்டைப் பையில் செருகிய பேனா, கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு ரோஜா இதழ் எல்லாம் தெரிந்தன.

"இன்னா தெளிவா கீறான் பாரு" என்றார் நவநீதத்தின் பெரியப்பா. "போன மாசமா இருந்தா இந்நேரம் படமே தெரிஞ்சிருக்காது. உன் நாத்தனாரு புண்ணியம்."

நவநீதம் குங்குமத் தட்டோடு எழுந்து வந்தாள். அந்தப் பதினாறு நாளில் அவள் அஞ்சுகத்தைத் திட்டவில்லை, அவளைக் கட்டிக்கொண்டு அழவும் இல்லை. குங்குமத்தைத் தொட்டு விரலைக் கண்ணாடி அருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

"பாப்பா, இந்தக் கண்ணாடிய கழட்டு."

அஞ்சுகம் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் வந்தாள்.

"கழட்டுமா. இத நம்பித்தான் அந்த ஆளு எறங்கினது. இதுக்குப் பின்னாலயே மறுபடியும் கொண்டாந்து வெக்கணுமா?"

அஞ்சுகம் படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, சட்டத்தின் பின்னால் அடித்திருந்த சின்ன ஆணிகளைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாக நெம்பினாள். கத்தி வழுக்கியதில் இரண்டு இடத்தில் விரலைக் கிழித்துக்கொண்டாள். யாரும் அவளுக்கு உதவ வரவில்லை, அவளும் கூப்பிடவில்லை. கண்ணாடியை உருவி எடுத்துச் சுவரோரமாகச் சாய்த்துவிட்டு, வெறும் சட்டத்தோடு அண்ணனை இருந்த இடத்திலேயே நிமிர்த்தி வைத்தாள். நவநீதம் குங்குமத்தைக் காகிதத்தின் மேலேயே, அவன் நெற்றியில் வைத்தாள்.

"ஏம்மா, கண்ணாடி இல்லாம இந்தக் காத்துல படம் ஒரு வருஷம் தாங்காதே" என்றார் பெரியப்பா.

"அவரு நாப்பத்தாறு வருஷம் தாங்கினாரு" என்றாள் நவநீதம்.